அணைத்த எந்திரமும் ஏறிய மதிப்பெண்ணும்

சாய ஆலையில் அவரைப் பச்சை ஆபீசர் என்பார்கள். சுற்றுச்சூழல் பிரிவுக்குத் தலையும் அவர்தான், வாலும் அவர்தான். அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி ஒன்று.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"யோவ், சாயம் போடுறவன் சம்பாதிச்சுக் குடுக்கிறான். நீ என்னய்யா பண்ற? வருஷக் கடைசிக்குள்ள உன் பிரிவால லாபம்னு காட்டு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

ஆபீசர் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மகள் கல்லூரியில் பாதிப் படிப்பில் இருக்கிறாள். இந்த வயதில் வேறு எவன் வேலை தருவான்?

மண்டையைப் பிய்த்துக்கொண்டதில் ஒரு வழி அகப்பட்டது. சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் எந்திரம்தான் ஆலையின் மின்சாரத்தை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. அதை அணைத்தார். கழிவு நேரே ஆற்றுக்குப் போனது. மின்கட்டணம் இறங்க, லாபம் ஏறியது. அதோடு விட்டதா? துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆலைகளுக்கு ஆண்டுதோறும் பசுமை மதிப்பெண் போடும். மின்சாரம் குறைந்தால் புகை குறைந்தது என்று மதிப்பெண்ணைக் கூட்டிவிடுவார்கள். தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: சுத்திகரிப்பு எந்திரம் இருக்கிறதா? இருந்தது. ஓடுகிறதா என்று எந்தப் புண்ணியவானும் கேட்கவில்லை.

விருதே வந்துவிட்டது! "இயற்கையைக் காப்பாத்தினா லாபம் தானா வரும்ங்கிறதுக்கு நாங்கதான் சாட்சி" என்று ஆபீசர் எழுதிக் கொடுத்ததை மேடையில் முதலாளி உருகி உருகிப் படித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஆற்றில் மீனெல்லாம் செத்து மிதந்துகொண்டிருந்தது, அதற்கு அந்த மேடையில் யார் நாற்காலி போடுவார்கள்?

அன்று வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் உங்களைப் புகழுது. மேல இருக்கிற ஆலையில என் தம்பியும் இதே வேலையில முழி பிதுங்கிட்டு இருக்கான். அவனுக்கு ஒரு வழி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

பெருமை தலைக்கேறியிருந்த நேரம். மச்சினனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். "ஒரே ஒரு சுவிட்சு மாப்ளே, அவ்வளவுதான்!"

ஆற்றில் மச்சினனின் ஆலை மேலே, இவருடையது கீழே. இவர்கள் துணி அலசுவதும் அந்த ஆற்றுத் தண்ணீரில்தான். இந்தச் சின்ன விஷயம் மட்டும் மனிதருக்கு உறைக்கவில்லை. அடுத்த மாதமே வெள்ளைத் துணியெல்லாம் சேற்று நிறத்தில் வெளியே வந்தது. முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"எந்தப் பாவிய்யா ஆத்துல கழிவை விடுறான்? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

ஆபீசர் மச்சினனிடம் ஓடினார். "மாப்ளே, உனக்குப் புண்ணியமாப் போகும், எந்திரத்தைப் போடு."

"என்ன மாமா விளையாடுறீங்களா? இந்த வருஷ விருது எங்களுக்குத்தான்னு பேசிக்கிறாங்க. வேணும்னா மேடையில உங்க பேரைச் சொல்றேன்."

வேறு போக்கு? அணைத்த கையாலேயே எந்திரத்தை மறுபடி போட்டார், உள்ளே வரும் ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய. துணி வெளுத்தது. ஆலைக் கழிவு மட்டும் வழக்கம்போல ஆற்றுக்கே போனது. எந்திரம் ஓயாமல் ஓடியதில் மின்கட்டணம் எகிறி, லாபம் விழுந்தது. கூடவே வருஷக் கடைசியில் மதிப்பெண்ணும் விழுந்தது.

முதலாளி கூப்பிட்டார். ஆபீசர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீ சொன்னது நூத்துக்கு நூறு சரிய்யா. பசுமை மதிப்பெண் விழுந்தா லாபமும் விழுது. உன் பிரிவு எவ்வளவு முக்கியம்னு இப்பத்தான் புரியுது."

ஆபீசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதனால இந்த வருஷம் விருது வாங்கினவனையே பேசி முடிச்சுட்டேன். உன் மச்சானாமே? நாளைக்கு வந்து சேர்றான். போகும்போது அந்தச் செடியை எடுத்துட்டுப் போயிடாத, அவனுக்கு வேணும்."