ஒரு காப்பி வாங்கினால் படகு இலவசம்

என் அம்மா பிலிஸிடம் "வேணுமா?" என்று எதைக் கேட்டாலும் முதலில் வருவது "வேண்டாம்". அது மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்டால், "என்னத்துக்கு வீண் செலவு, வேண்டாம்" என்பாள். அது கேட்கிறவர் மேல் உள்ள கரிசனத்துக்கு. மூன்றாவது தடவையும் கேட்டால்தான், "சரி, நீங்க இவ்வளவு சொல்லுததால" என்று கையை நீட்டுவாள். வடக்கே நாங்கள் குடியிருக்கும் நிக்டியில் எங்கள் சர்ச்சுக்கு வரும் நாகர்கோவில் குடும்பங்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். ஒருவர் வீட்டுக்குப் போனால் இந்த மூன்று படியையும் ஏறி இறங்கிய பிறகுதான் டீ வரும். ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களைப் பற்றித் திரும்பி வரும் ரிக்‌ஷாவில் வழி முழுவதும் பேச்சு நடக்கும்.

இந்த அம்மாதான் பத்து நாள் கிரீஸ் போய் வந்தாள்.

என் தம்பி ஷிபின் அங்கே தெசலோனிக்கி என்ற கடற்கரை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். ரோமர்கள் கட்டியது, துருக்கியர்கள் கட்டியது என்று ஊரே பழசு. அம்மா அப்பா இருவரையும் வரச்சொல்லி டிக்கெட் எடுத்திருந்தான். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பக்கத்து ஊரான போசரியில் ஒரு என்ஜினியரிங் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் இரும்போடு வேலை பார்த்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு காலுக்குள்ளேயே ஒரு இரும்புத் தகடு வைத்தார்கள். அம்மா "நானும் போகல" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் மூன்று தடவை அல்ல, முப்பது தடவை சொல்லி, அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கி, அப்பாவை நான் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்து அவளை விமானம் ஏற்றினேன்.

பெட்டி கட்டும்போது அம்மா தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஷிபின் அனுப்பியது. அந்த ஊர்க் கடற்கரையில் வெள்ளைக் கோபுரம் என்று ஒரு பழைய கோட்டைக் கோபுரம் நிற்கிறது. அதன் பக்கத்திலிருந்து படகுகள் கிளம்பி, வளைகுடாவை அரை மணி நேரம் சுற்றிவிட்டு வருகின்றன. படகுக்கென்று டிக்கெட் கிடையாது. உள்ளே ஒரு காப்பி வாங்கினால் போதும், சவாரி இலவசம்.

"நிக்கோல், இதுல ஒரு தடவை ஏறணும்ட்டி," என்றாள் அம்மா. "வேற ஒண்ணும் பாக்காட்டாலும் சரி."

"அவன்கிட்டச் சொல்லும்மா."

"சொல்லாத. பாவம், ஸ்டைபண்ட்ல இருக்குத பிள்ள. அவனா கேட்டா பாப்போம். நீயும் சொல்லப்படாது, கேட்டியா?"

அம்மா அதுவரை படகில் ஏறியதே இல்லை. நான் பள்ளியில் படித்தபோது அப்பாவின் கம்பெனியில் குடும்பத்தோடு கோவா கூட்டிப் போனார்கள். "வாறியா பிலிஸ்?" என்று அப்பா கேட்டார். "வேண்டாம்ங்க, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருதுல்லா," என்றாள். அப்பா "சரி" என்று சொல்லிவிட்டு நண்பர்களோடு போய்விட்டார். வந்து நான்கு நாள் படகுக் கதையே சொன்னார். அம்மா மீன் நறுக்கிக்கொண்டே, "படகு ரொம்ப ஆடுமோ?" என்று கேட்டது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மா போன மறுநாளிலிருந்து சாயங்காலம் வீடியோ கால் வந்தது. எங்களுக்கு டீ நேரம், அவர்களுக்கு மத்தியானம். ஷிபின் உற்சாகத்தில் இருந்தான்.

"நிக்கி, இங்க பாதி ஊர் ஃப்ரீ, தெரியுமா? கடற்கரை ஃபுல்லா நடக்கலாம், ஃப்ரீ. பெரிய சர்ச் ஒண்ணு, கீழ அண்டர்கிரவுண்ட்ல பழைய இடமெல்லாம் இருக்கு, அதுவும் ஃப்ரீ. மேல பழைய ஊர், கோட்டைச் சுவர், அங்கேர்ந்து சன்செட், ஃப்ரீ. மெட்ரோ தோண்டும்போது ரெண்டாயிரம் வருஷத்து ரோடு கிடைச்சிருக்கு, ஸ்டேஷன்லயே வச்சிருக்காங்க. மெட்ரோ டிக்கெட் மட்டும் போதும்."

"வெள்ளைக் கோபுரத்துல ஏறினீங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு டிக்கெட் உண்டு. அம்மாகிட்டக் கேட்டேன், வேண்டாம்னாங்க."

"அந்த வட்டமான பெரிய கட்டடம்?"

"ரோட்டுண்டாவா? அதையும் கேட்டேன். வெளியவே நல்லா தெரியுதுன்னாங்க."

அடுத்த நாளும் அதே கதை. கிரீம் வைத்து, மேலே சர்க்கரை தூவிச் சுடச்சுடக் கொடுக்கும் ஒரு பலகாரம் அந்த ஊரில் பிரசித்தமாம். அவன் தனக்கு ஒன்று வாங்கித் தின்றான். அம்மா வேண்டாம் என்றாள். எள் ஒட்டிய வளைய ரொட்டி ஒன்றை மட்டும், அதுதான் இருப்பதிலேயே மலிவு என்று தெரிந்ததால், கையில் வாங்கிக்கொண்டாள். வளைகுடா பக்கம் போனார்களாம். படகையும் கேட்டானாம்.

"'மா, போட்ல போலாமா?'ன்னேன். வேண்டாம்டான்னாங்க. ஓகேன்னு பெஞ்ச்ல உக்காந்து பாத்தோம். நல்லா இருந்துச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவனுக்குப் பின்னால் அம்மா சிரித்தபடி நின்றாள். வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா மட்டும் கட்டிலில் சாய்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் ஷிபின் பல்கலைக்கழகத்திலிருந்து தனியாகப் பேசியபோது அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எலே ஷிபின், உனக்கு உங்கம்மாவ ஒண்ணும் தெரியல. அவ வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமாலே? மொதல்ல சொல்லுதது சும்மா மரியாதைக்கு. ரெண்டாவது சொல்லுதது உன் பர்ஸுக்காக. மூணாவது தடவை கேட்டாத்தான் மனசுல உள்ளது வெளிய வரும். முப்பத்தஞ்சு வருஷமா குடும்பம் நடத்துதேன், எனக்குத் தெரியாதா?"

ஷிபின் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னான்: "எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் உங்களைப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன். நீங்க எப்பவும் ஒரு தடவைதான் கேப்பீங்க."

அவன் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டான். அப்பா போனை என்னிடம் நீட்டினார். முகத்தில் இருந்த சிரிப்பு போகவேண்டிய இடம் தெரியாமல் அப்படியே நின்றது.

அவன் சொன்னது பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சில நாள் அப்பா எங்களை மஸ்தானி குடிக்கக் கூட்டிப்போவார். கெட்டிப் பாலில் ஐஸ்கிரீம் மிதக்கும் பெரிய கிளாஸ். "உனக்கு?" என்பார். "வேண்டாம்." மூன்று கிளாஸ் வரும். லக்ஷ்மி ரோட்டுத் துணிக்கடையில் அம்மா ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்தால், "வேணுமா?" என்பார். "வேண்டாம்." பர்ஸ் பாக்கெட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. அப்பாவுக்குப் புரியவில்லை என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஆண்பிள்ளை, இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று மன்னித்தும் விட்டிருந்தேன். இப்போது மனிதர் பாடம் எடுப்பது போல மூன்று படியையும் விளக்குகிறார். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபத்தில் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை ஸ்டூலில் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

அவர் சாப்பிட்டார். கை கழுவிய பிறகு, "அவளுக்கு அந்தப் படகுல ஏறணும்னு ஆசையா?" என்று கேட்டார்.

"நான் சொல்லக்கூடாது."

"அப்ப ஆசைதான்."

"கோவா போனப்பவே ஆசைதான் பா."

அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு இன்னும் ரெண்டு தடவை கேட்டிருந்தா வந்திருப்பா," என்றார். "ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டுப் போகணுமேன்னு இருந்துச்சு. நண்பர்களோட ஜாலியா போகலாம்னு..." எனக்குக் கோபம் போய்விட்டது. போனதும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

அம்மா திரும்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையிலேயே ஷிபினுக்குப் போன் போட்டு உத்தரவு கொடுத்தார். அம்மாவைப் படகு கிளம்பும் இடத்துக்குக் கூட்டிப் போகவேண்டும். அங்கிருந்து வீடியோ கால் போட வேண்டும். ஷிபின் எதையும் கேட்கக்கூடாது. கேட்க வேண்டியதை அவர் கேட்டுக்கொள்வார்.

மத்தியானம் என்னிடம் ஷேவ் செட் கேட்டார். முறிந்த காலை நீட்டி, இடுப்பில் லுங்கியும் மேலே சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையுமாக உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "பொண்ணு பாக்கப் போறீங்களா பா?" என்றேன். "சும்மா இரிட்டி," என்று தலையைச் சீவிக்கொண்டார். போன் வரும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று புரிந்தது.

போன் வந்தது. திரையில் அம்மா. தலையில் ஸ்கார்ஃப், காற்றில் முடி பறக்கிறது. பின்னால் அந்தக் கோபுரம், அதற்குப் பக்கத்தில் படகு. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"பிலிஸ், அந்தப் படகுல ஒரு சுத்து போயிட்டு வாயேன்," என்றார் அப்பா.

"ஐய, வேண்டாம்ங்க."

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று ஒரு விரலை மடக்கினேன்.

"ஒரு காப்பிக் காசுதானாம். ஷிபின் சொன்னான். ஏறு பிலிஸ்."

"என்னத்துக்குங்க? உங்க கால் முதல்ல நல்லாகட்டும். வேண்டாம்."

இரண்டு. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காலில் வலி எடுத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. ஆனாலும் குரல் நன்றாகத்தான் வந்தது.

"நீ அதுல ஏறுததை நான் பாக்கணும் பிலிஸ். எனக்காக ஏறு."

ஷிபின் அதற்குள் படகுப் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டான். போன் ஆடியது. நானும் மூன்றாவது விரலை மடக்கிவிட்டு, "சரி, நீங்க இவ்வளவு சொல்லுததால" என்ற அந்தப் பழகிப்போன பதிலுக்குக் காத்திருந்தேன்.

"இல்லங்க," என்றாள் அம்மா. "நெசமாவே வேண்டாம். நான் ஏறியாச்சு."

"எப்போம்மா?" என்று ஷிபின் கத்துவது கேட்டது.

"வியாழக்கிழமை. நீ லேபுக்குப் போயிருந்தப்போ. சாவிதான் என்கிட்ட இருந்துச்சுல்லா. கடல் பக்கம் சும்மா நடந்தேன். ஆளுங்க ஏறினாங்க, நானும் ஏறிட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல." அம்மா பயந்துகொண்டு பேசவில்லை, பெருமையாகவும் பேசவில்லை. "உக்காந்ததும் ஒரு பொண்ணு வந்து 'காஃபி?'ன்னா. ஆமான்னு தலையாட்டிட்டேன். கொண்டுவந்து தந்துட்டா."

"மொதத் தடவையேவா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா. அந்தப் பொண்ணுக்கு ரெண்டாவது தடவை கேக்கணும்னு தெரியாதுல்லா. வேண்டாம்னு சொன்னா போயிருவாளே."

அப்பா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். சட்டைக் காலரைச் சரிசெய்தார், எதற்கென்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியுமே பிலிஸ்," என்றார்.

"தெரியும்ங்க," என்றாள் அம்மா. "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

குரலில் கோபமே இல்லை. மாத்திரை போட்டாச்சா என்று கேட்கும் அதே குரல். அவள் எத்தனை வருஷம் அதைத் தெரிந்துகொண்டே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவைக்காகக் காத்திருந்திருப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை.

அந்தப் பக்கம் படகு ஹாரன் அடித்தது. ஷிபின் பலகையிலிருந்து இறங்கிவிட்டான் போல. அம்மா போனைத் திருப்பித் தண்ணீரைக் காட்டினாள். "அந்தால பாருங்க, மலை தெரியுதா? வெயிலுக்குக் கடல் எப்படி மின்னுது, பாருங்க. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது," என்றார் அப்பா. போனைக் கட்டில் மேல் கவிழ்த்து வைத்துவிட்டிருந்தார்.