பத்துக்குப் பத்து கொடுங்க சார்

அரியமங்கலத்தில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருக்கும் பரக்கத் அலி வால்டன்பெர்க் கார் வாங்கியதற்கு ஒரே ஒரு காரணம்தான். அந்தக் காரணத்தின் பெயர் ஷேக் தாவூது. மனைவி வஹீதாவின் தம்பி. அவரிடம் ஒரு இன்னோவா இருந்தது.

சொந்தத்தில் யார் துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ வந்து இறங்கினாலும் திருச்சி ஏர்போர்ட் வாசலில் அந்த இன்னோவாதான் நிற்கும். இறங்கியவன் ஒரு வாரத்துக்கு, “மாமா வண்டியிலதான் வந்தேன்” என்று சொல்லிக்கொண்டு திரிவான். அவன் சொல்ல மறந்தால் ஷேக் தாவூதே சொல்லிவிடுவார். இந்தத் தொண்டுக்காக அவருக்குக் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் இடம். பள்ளிவாசல் வாசலில் நின்றால் நாலு பேர் கூட நிற்பார்கள்.

பரக்கத் அலியின் மகன் அர்ஹம் மூன்று வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வருகிறான். வியாழக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு விமானம். தன் மகன் தன் காரில்தான் வீடு வந்து சேர வேண்டும். இன்னோவாவில் அல்ல. இதற்காக அவர் ஒரு வீட்டின் விலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

வாங்கிய அன்றைக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. காரைச் சிவப்புப் பட்டுத் துணியால் போர்த்தியிருந்தார்கள். கார் வடிவத்திலேயே ஒரு கேக். கதவு உயரத்துக்கு அட்டையில் வெட்டிய ஒரு சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். விற்பனைக்காரப் பையன் பிரவீன்ராஜ் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். ஊதுபத்தி கொளுத்தப் போனவன் பரக்கத் அலியின் தொப்பியைப் பார்த்ததும் அணைத்துவிட்டு, “துஆ செய்யறீங்களா சார்?” என்று கேட்டான். எல்லா மதத்தையும் மதிக்கும் கம்பெனி. “இனிமே நீங்க எங்க குடும்பம் சார்” என்றும் சொன்னான். பரக்கத் அலிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சொந்தக் குடும்பத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

பதினோராம் நாள், பால்பண்ணை ரவுண்டானாவின் நட்டநடுவில், கார் நின்றுவிட்டது.

எத்தனையோ கார்கள் உயிரை விடுவதைப் பார்த்தவர் பரக்கத் அலி. அவர் கிடங்குக்கு வருகிறவை எல்லாம் அந்த நிலைமையில் வருகிறவைதான். ஆனால் இவ்வளவு மரியாதையாக உயிரை விட்ட காரை அவர் கண்டதில்லை. திரையில் ஒரு வாக்கியம் நிதானமாக எழுந்து வந்தது: தங்கள் விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளவும், நன்றி. பின்னால் தஞ்சாவூர் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

லாரி வந்து காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே ஆட்டோவில் போன பரக்கத் அலிக்குப் பக்கத்தில் வந்து ஒரு இன்னோவா வேகத்தைக் குறைத்தது. கண்ணாடி இறங்கியது.

“என்ன மச்சான், கார் லாரியில போவுது, நீங்க ஆட்டோவுல போறீங்க. காலாற நடந்து வர்றதுக்கு மட்டும்தான் ஆள் இல்ல, யாரையாச்சும் அனுப்பி வெக்கட்டுமா?”

பரக்கத் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பைபாஸ் ரோட்டில், நாலு பக்கமும் கண்ணாடி பதித்து, வெளியே நாற்பது டிகிரி கொளுத்தும்போது உள்ளே ஊட்டி மாதிரி இருக்கும் ஷோரூம் அது. விற்கிறவரைக்கும் வாசலில் நின்ற பிரவீன்ராஜ் இப்போது போனிலும் கிடைக்கவில்லை. அவனுடைய குடும்பத்தில் வேறு ஆட்கள் சேர்ந்திருக்க வேண்டும். சர்வீஸ் பக்கத்துக்கு அழகிரி என்று ஒருவர் இருந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் மெல்லிய திருமண், உடம்பில் கறுப்புக் கோட், கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘வாடிக்கையாளர் ஆனந்தப் பிரிவுத் தலைவர்’ என்று ஆங்கிலத்தில் பதவி. ஒருவருடைய ஆனந்தத்துக்குத் தனியாகத் தலைவர் வைக்கும் இடத்தில் அது கிடைக்காது என்று பரக்கத் அலிக்கு அப்போது தெரியவில்லை.

“ஒரு சென்சார்தான் சார் போயிருக்கு. ஜெர்மனிலேர்ந்து வரணும்” என்றார் அழகிரி. “கிளம்பிடுத்து. பகவத் சங்கல்பம், சீக்கிரம் வந்துடும்.”

“எந்த சென்சாருங்க? நம்ம கிடங்குலயே சாக்குல கிடக்கு. பையன விட்டு ஒண்ணு எடுத்தாரச் சொல்லவா?”

அழகிரி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். “சார், அந்த மாதிரி வார்த்தையெல்லாம் இங்க பேசப்படாது. வாரண்டி போயிடும்.”

பத்தொன்பது நாள் இப்படிப் போனது. பரக்கத் அலி ஒருநாள் விட்டு ஒருநாள் போவார். சாய்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபாவில் உட்காரவைத்து, இலை வரைந்த காப்பி கொடுப்பார்கள். சென்சார் ஒருநாள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தது. ஒருநாள் கஸ்டம்ஸில். ஒருநாள் சென்னையில். பிறகு எப்படியோ மறுபடியும் ஃபிராங்க்ஃபர்ட்டில். அது வந்த பிறகு, அதைப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் பயிற்சிக்குப் புனே போயிருந்தார். காரையாவது ஒருதரம் பார்க்கலாமென்றால் வாடிக்கையாளருக்கு உள்ளே அனுமதி இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்காவது ஒரு நேரம் வந்தால் கதவு திறக்கும்.

நடுவில் மாற்றுக் கார் என்று ஒன்று அனுப்பினார்கள். தீப்பெட்டி அளவு வண்டி. இரண்டு பக்கமும் முழ நீளத்துக்கு எழுத்து: ‘என் வால்டன்பெர்க் ராஜ உபசாரத்தில் இருக்கிறது.’ வஹீதா அதைச் சுற்றி வந்து ஒருமுறை படித்தாள்.

“ஏங்க, இதுல ஏறி உக்காந்து ஊர் பூரா சொல்லிட்டு வர்றதுக்கு, மைக் செட் கட்டிக்கிட்டுப் போயிரலாமே.”

வண்டி அன்றே திரும்பிப் போனது.

அர்ஹம் வரும் வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு அழகிரி போன் செய்தார். கார் தயார். பரக்கத் அலி வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, அத்தர் சகிதம் பன்னிரண்டுக்கெல்லாம் ஷோரூமில் இருந்தார். கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. சாவி கைக்கு வந்தது. ஆனால் கேட்டில் இருந்த செக்யூரிட்டி கையை நீட்டினான். “கேட் பாஸ் சார்.”

“அது ஒரு சின்ன ஃபார்மாலிட்டி” என்றார் அழகிரி, அவரை மறுபடியும் சோபாவில் சாய்த்துவிட்டு. “மும்பைலேர்ந்து உங்களுக்கு ஒரு கால் வரும். எங்க சர்வீஸுக்குப் பத்துக்கு எவ்வளவு குடுப்பேள்னு கேப்பா. நீங்க பத்துன்னு சொல்லிட்டேள்னா கம்ப்யூட்டர்ல கேட் பாஸ் தானா வந்துடும்.”

“பத்தா?”

“பத்துக்குப் பத்து சார். ஒன்பதுன்னாகூட எங்களுக்கு ஃபெயில் மார்க். என் இன்க்ரிமென்ட் போச்சு. போன மாசம் ஒரு டாக்டர் எட்டு குடுத்துட்டார். ஆத்துல மூணு நாள் சாப்பிடல சார் நான்.”

பரக்கத் அலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷமாக எடை போட்டு வாங்கி, எடை போட்டு விற்கிற மனிதர். அதில் எத்தனை எடை சரியான எடை என்பது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் ஒரு எண்ணைச் சும்மா கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

“ரெண்டு தரலாம்” என்றார்.

“சார்?”

“ரெண்டு. காப்பி நல்லா இருந்துச்சு.”

“சார், இதுல பேரமெல்லாம் கிடையாது சார்.”

“சரி, மூணு. காரக் கழுவிக் குடுத்திருக்கீங்க.”

அழகிரி கர்ச்சீப்பை எடுத்தார். ஊட்டிக் குளிரில் அவருக்கு வியர்த்தது. ஸ்ரீரங்கத்திலிருக்கும் தகப்பனாரின் முழங்கால், மகளின் ஸ்கூல், வீட்டு வாடகை, கோட்டுக்கான லாண்டரி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பரக்கத் அலி ஒவ்வொன்றுக்கும் அரை அரையாக ஏற்றிக் கொடுத்தார். லாண்டரிக்குக் கொடுக்கவில்லை. ஒன்றே கால் மணிக்கு நாலரையில் நின்றது. நாலரையில் அவர் பிடிவாதமாக நின்றார். உண்மையில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது நாளில் அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக அவருக்குத் தெரிந்த ஒரு வேலை நடக்கிறது.

ஒன்றரைக்கு வஹீதா போன் செய்தாள்.

“எங்க இருக்கீங்க? ஃப்ளைட்டு முன்னாடியே இறங்குதாம். தம்பி வண்டிய எடுத்துட்டு வந்து வாசல்ல நிக்குறான். நான் என்ன சொல்ல?”

“வரேன்னு சொல்லு. நான் நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்.”

“அவன் கிளம்பறேங்கறான். நான் மட்டும் இங்க சுவரப் பாத்துக்கிட்டு இருக்கவா? நானும் அவன் கூடவே போறேன்.” வைத்துவிட்டாள்.

பரக்கத் அலி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கார் வெயிலில் மினுங்கியது. அதற்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கம்பி படுத்திருந்தது. கிலோக் கணக்கில் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாத கம்பி.

“பத்து” என்றார். “பத்தே தரேன். போனப் போடச் சொல்லுங்க.”

அழகிரி கண்ணை மூடி மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். இரண்டு நிமிஷத்தில் பரக்கத் அலியின் போன் அடித்தது. பேசியது ஆள் இல்லை, இயந்திரம். தேன் தடவிய ஆங்கிலத்தில் வரவேற்று, வால்டன்பெர்க் குடும்பத்தின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கியது. பரக்கத் அலி விரலை உயர்த்தினார்.

“நீங்க சிரமப்பட வேண்டாம் சார், போனக் குடுங்கோ” என்று அழகிரி போனைப் பிடுங்கிக்கொண்டார். நாலரைக்கு மேல் நகராத மனிதர் கடைசி நிமிஷத்தில் என்ன செய்வாரோ என்று அவருக்குப் பயம். தன் ஆனந்தத்தைத் தானே பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்பீக்கரில் போட்டு, “உங்கள் மதிப்பெண்ணை” என்று இயந்திரம் ஆரம்பித்ததுமே பயபக்தியோடு ஒன்றை அமுக்கினார். பிறகு பூஜ்யத்தை அமுக்கப் போனார்.

பூஜ்யத்துக்கு விரல் போவதற்குள் இயந்திரம் பேசிவிட்டது. எங்களுக்கு ஒன்று என்ற மதிப்பெண் வழங்கியதற்கு நன்றி. பத்துக்கு நட்சத்திரக் குறியை அமுக்க வேண்டும் என்பதைச் சொல்ல அதற்கு அவர் நேரம் கொடுக்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

சோபாவுக்குப் பின்னால் பிரின்டர் இயங்கும் சத்தம் கேட்டது. மதிப்பெண் எதுவானாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். ஒரு வாடிக்கையாளரின் கருத்து வந்துவிட்டது, கேட் பாஸ் போகலாம்.

“சார்” என்றார் அழகிரி. அந்த ஒரு சொல்லுக்குள் கோட்டே சுருங்கிவிட்டது. “மும்பைக்கு ஒரு மெயில் மட்டும் போட்டுட்டுப் போங்கோ. தப்பா அமுக்கிட்டேன்னு, உங்க கையால.”

“நான் எங்கங்க அமுக்குனேன்? போனத்தான் நீங்க பிடுங்கிக்கிட்டீங்களே.”

“சார், குடும்பம் மாதிரி பழகியிருக்கோம்.”

“அதனாலதான் சொல்றேன். மும்பைக்குத் தெரியறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுருங்க.”

கேட் பாஸைப் பிரின்டரிலிருந்து கிழித்தெடுத்துச் செக்யூரிட்டி கையில் திணித்துவிட்டு அவர் காரை எடுத்தார். வந்த வழி எதுவும் நினைவில்லை. பால்பண்ணை ரவுண்டானாவைத் தாண்டும்போது மட்டும் வாய்க்குள் ஏதோ ஓதினார். இரண்டு நாற்பத்தைந்துக்கு ஏர்போர்ட் வாசலில், இன்னோவாவுக்கு நேர் பின்னால், வால்டன்பெர்க் வந்து நின்றது. ஷேக் தாவூது திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் பரக்கத் அலி ஒரு வீட்டைக் கொடுத்திருந்தார். நின்று நிதானமாக அதை அனுபவித்தார்.

அர்ஹம் வெளியே வந்தான். தள்ளுவண்டியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் மூன்று, கம்பளி மூட்டை ஒன்று, குறுக்கே ஆள் உயர டிவி. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் அப்படித்தான் வருவான்.

“அத்தா, வண்டி சூப்பரா இருக்கு” என்றான், தகப்பனைக் கட்டிக்கொண்டு.

பரக்கத் அலி பெருமையோடு டிக்கியைத் திறந்தார். டிக்கி தானாகவே, சத்தமில்லாமல், ராஜா வருகிற மாதிரி மேலே எழுந்தது. உள்ளே பாதி இடத்தில் ஸ்டெப்னி டயர் உட்கார்ந்திருந்தது. மீதி இடத்தில் ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள். பின்சீட்டில் வைக்கலாமென்றால் வெள்ளைத் தோல் சீட், கயிறு கீறிவிடும். டிவியைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

ஷேக் தாவூது இன்னோவாவின் பின்கதவைத் திறந்தார். பெட்டி, மூட்டை, டிவி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. இன்னும் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது.

“அத்தா, டிவிய யாராச்சும் பிடிச்சுக்கணும்” என்றான் அர்ஹம். “நான் மாமா வண்டியிலயே வரேன். நீங்க பின்னாலயே வாங்க.”

“நீயாச்சும் இதுல ஏறு” என்றார் பரக்கத் அலி வஹீதாவிடம்.

“மூணு வருஷம் கழிச்சு வந்த புள்ளய விட்டுட்டு உங்க சீட்டப் பாத்துக்கிட்டு வரவா?” அவள் மகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

இன்னோவா நகர்ந்தது. பரக்கத் அலி சும்மா நின்றார். தானாகத் திறந்த டிக்கி தானாக மூடிக்கொள்வதற்கு எதை அமுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பின்னால் விசில் கேட்டது. டிராஃபிக் போலீஸ்காரர் லத்தியால் வண்டியைத் தட்டாமல், தட்டுகிற மாதிரி காற்றில் காட்டினார். முதலில் காரைப் பார்த்தார். பிறகு பரக்கத் அலியின் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டைப் பார்த்தார்.

“யோவ் டிரைவர், இங்கல்லாம் நிறுத்தக் கூடாதுய்யா. உங்க முதலாளி எப்ப வருவாரு?”

“வந்துட்டாருங்க” என்றார் பரக்கத் அலி, டிக்கியை இரண்டு கையாலும் அழுத்தி மூடியபடி. “முன்னாடி இன்னோவாவுல போறாரு.”