வெள்ளி முழுக்கு, சனி அடைப்பு

ஷர்மிளாவின் தலைமுடி இடுப்பைத் தாண்டி இறங்கும். அய்யம்பாளையத்தில் அவள் பிறந்த தெருவில் “அந்த முடிக்காரப் பிள்ளை” என்றால் இன்றைக்கும் அவளைத்தான் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாமனார் வேலப்பனே, “முடி நெசந்தானே, சவுரி கிவுரி இல்லையே?” என்று வாய்விட்டுக் கேட்டு, மனைவி பாப்பம்மாளிடம் தொடையில் கிள்ளு வாங்கினார். அதே மனிதர்தான், கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள், அந்த முடி மேல் வழக்குத் தொடுத்துவிட்டார்.

வழக்கு குளியலறை அடைப்பைப் பற்றியது.

வேலப்பன் பழனி அடிவாரத்தில் விபூதி, சந்தனக் கடை வைத்திருந்தவர். மகன் கல்யாணம் முடிந்ததும் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, கொடைக்கானல் நாயுடுபுரத்துச் சரிவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகன் செல்வமுருகன் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன். கடையை விட்டாலும் பழனியை விடாத வேலப்பன், நல்ல நாள் ஒன்று வந்தால் போதும், மலை இறங்கிப்போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அவர் தலையில் முடி முளைத்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை தலைமுழுக்கு, ஆண்களுக்குச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஷர்மிளா குளித்துவிட்டு வருவாள், ஒரு தொந்தரவும் இருக்காது. சனிக்கிழமை வேலப்பன் உள்ளே போவார். பாதிக் குளியலில் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும்.

“ஏத்தா ஷர்மிளா! கணுக்கால் முட்டுத் தண்ணி நிக்கிது! நேத்து நீ குளிச்ச, இன்னைக்கு அடைச்சுக்கிச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

வாரம் தவறாமல் இதே பாட்டு. கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பார்த்தார்கள். செல்வமுருகன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றினான். நுரை பொங்கியது, அடைப்பு அசையவில்லை. கடைசியில் பிளம்பர் ஜெயச்சந்திரன் வந்து, முனையில் கொக்கி வளைத்த நீளக் கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். கொக்கியில் ஒரு கொத்து முடி. வேலப்பன் அதை வாங்கி, கோர்ட்டில் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்.

ஷர்மிளாவுக்கு அவமானமாக இருந்தது. மறுத்துப் பேசவும் முடியாது. முடி அவளுடையதுதானே? பாப்பம்மாளின் கொண்டை பாக்கு அளவு, செல்வமுருகனுக்கு கிராப், மாமனாருக்கு அதுவும் கிடையாது.

“இனி இப்படிச் செய்வோம்” என்று வேலப்பன் தீர்ப்புச் சொன்னார். “அடைக்கிறவங்க பின்னால துவைக்கிற கல்லுல குளிக்கட்டும். இது யாருக்கும் பொது. நானா இருந்தாலும் அப்படித்தான்.”

தன் பளபளக்கும் தலையைத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார். அவ்வளவு தைரியம்.

செல்வமுருகன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டிக் கொடுத்தான். தை மாதம். விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பிடித்துக் கிடக்கும் குளிர். ஷர்மிளா வெள்ளிக்கிழமைதோறும் அங்கே உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நாலாவது சொம்புக்குள் வெந்நீர் பச்சைத் தண்ணீராகிவிடும். பல் கிடுகிடுக்க ஓடிவந்து அடுப்படியில் ஒண்டிக்கொள்வாள்.

“ஊர்ல இல்லாத நீதி” என்று பாப்பம்மாள் முணுமுணுத்தபடி துவட்டி விடுவாள். ஆனால் புருஷனை எதிர்த்துச் சொல்ல அவள் கையிலும் ஆதாரம் இல்லை.

சனிக்கிழமை மறுபடியும் அடைத்தது.

“பழைய முடி உள்ள கெடக்கும்” என்றார் வேலப்பன். ஜெயச்சந்திரன் வந்து வெளிச்சுவரில் போகிற பைப்பையே கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினார். அடுத்த சனிக்கிழமை, அதுவும் அடைத்தது.

“தலைக்குக் குளிக்கலைன்னா என்னத்தா, மேலுக்குக் குளிக்கையில உதிருதுல்ல?”

ஷர்மிளா நேரே போய்க் கணவனிடம் சொன்னாள்.

“ஏங்க, வர்ற திங்கக்கிழமை பார்லருக்குப் போறேன். தோளோட வெட்டிர்றேன்.”

செல்வமுருகன் திடுக்கிட்டான். “உனக்கென்ன கிறுக்கா?”

“சனிக்கிழமை சனிக்கிழமை பேச்சு வாங்க முடியாதுங்க. முடிதானே, போகட்டும்.”

போகட்டும் என்று வாய்தான் சொன்னது. சின்ன வயதிலிருந்து அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். வெட்டிவிட்டால் ஊருக்குப் போகும்போது தெருவில் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமையும் வந்தது. வேலப்பனின் சனிக்குளியல் லேசான சோலி இல்லை. அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்து கிடக்கும். வெள்ளனே எழுந்து அடுப்போரம் வைத்து உருக்குவார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, இளவெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போவார். சோப்பு அவருக்குப் பிடிக்காது. ஒரு குண்டான் கடலைமாவு, அதில் மஞ்சள், ஆவி பறக்க ஒரு அண்டா வெந்நீர். வருஷக்கணக்காக எல்லோரும் பார்த்துப் பார்த்து, யாருமே கவனிக்காமல் போன ஏற்பாடு அது.

அவர் உள்ளே குளித்துக்கொண்டிருக்க, ஷர்மிளா பின்பக்கம் கல்லில் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். சுவரோரம் புதுப் பைப் வளைகிற எல்போவின் இணைப்பில் ஏதோ சொட்டியது. மஞ்சளாக, கெட்டியாக. விரலால் தொட்டு முகர்ந்தாள். ஏரிக்கரையில் பஜ்ஜி போடும் வண்டிப் பக்கம் போனால் வருகிற பச்சை மாவு வாசனை. எழுந்து பைப்பைத் தொட்டாள். மேல் பாதி வெந்நீரில் சுட்டது. எல்போ ஜில்லென்று இருந்தது.

“ஏங்க! வெரசா வாங்க! இதக் கொஞ்சம் கழட்டுங்க!”

செல்வமுருகன் வந்து திருகிக் கழற்றிய அதே நேரம் உள்ளே வேலப்பன் கத்தினார். “ஏத்தா ஷர்மிளா! கணுக்கால் முட்டு...” அவர் முடிப்பதற்குள் எல்போவிலிருந்து, பைப் அளவுக்கே திரண்ட மஞ்சள் உருளை ஒன்று வழுக்கிக்கொண்டு கல்லின் மேல் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது.

சத்தம் கேட்டு வந்த பாப்பம்மாள் குனிந்து பார்த்தாள். “அடி ஆத்தி, மைசூர்பாகுல்ல!”

அவள் சொன்னதில் தப்பில்லை. கடலைமாவு, எண்ணெய், கொதிக்கிற தண்ணீர். உள்ளே சூடாகக் கரைந்து ஓடியது, வெளிச்சுவர்க் குளிரில் எண்ணெயோடு இறுகிப்போயிருந்தது. சர்க்கரை ஒன்றுதான் பாக்கி. பிளம்பரின் கொக்கியில் முடி மாட்டும், மாவு எப்படி மாட்டும்?

வேலப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு, காதோரம் மாவு ஒழுக வந்து நின்றார்.

“முடி எங்கடா?”

“நீங்களே பாருங்கப்பா.”

ஒரு குச்சியை எடுத்து உருளையை உடைத்தார். இல்லை. இன்னும் உடைத்தார். உட்கார்ந்து, கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி மாட்டிக்கொண்டு, தூள் தூளாகக் கிளறினார். ஒரு முடிகூட இல்லை. பக்கத்து வீட்டு நாய் வந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய், வேலியோரம் படுத்து நிதானமாகத் தின்றது.

பாப்பம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மொட்டத் தலைக்கு ஒரு குண்டான் மாவு! அந்தப் பிள்ளைய வாரக்கணக்கா பனியில உக்கார வச்சீங்களேய்யா!”

வேலப்பன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். சாயங்காலம் வந்தவர் கையில், நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்த மல்லிகைச் சரம், வாழை இலையில் பெரிய பொட்டலமாக இருந்தது.

“பூக்காரி ஒரு மொழம் போதுமான்னாத்தா. எம்மருமக முடியப் பாத்திருந்தா அப்படிக் கேப்பாளான்னு சண்டை போட்டு அள்ளிட்டு வந்தேன்” என்றார். பார்லர் பேச்சை மகன் சொல்லிக் கேட்டிருந்தவர், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “திங்கக்கிழமை எங்கயும் போயிராத, தாயி” என்றார்.

ஷர்மிளா பூவை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிப்போய் நன்றாக அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளியலறையில், ஆவி பறக்கிற வெந்நீரில், ஆசை தீரத் தலைக்குக் குளித்தாள். தண்ணீர் ஒரு சொட்டு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பின்பக்கம் தார்ப்பாய்க்குள்ளிருந்து பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வேலப்பன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த எண்ணெய் மொட்டைத் தலையில் வெள்ளையாக உறைந்து பூத்திருந்தது.

“மாமா, உள்ள வாங்க. மாவை மட்டும் விட்டுட்டு, சோப்புப் போட்டுக் குளிங்க.”

“சோப்பா? சொன்ன சொல் சொன்னதுதான். நானா இருந்தாலும் அப்படித்தான்” என்றார் வேலப்பன் நடுங்கிக்கொண்டே. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, “தாயி, இன்னொரு அண்டா வெந்நி மட்டும் வெரசாக் கொண்டாயேன்” என்றார்.