சன்னாசி லாரி

உலு தெராப் தோட்டத்து ஆபீஸ் கணினியில் வைரஸ் ஸ்கேன் ஓடும்போது, அந்தத் தோட்டத்தில் ஒருகாலத்தில் பெயர் பதிந்தவர்கள் எங்கே இருந்தாலும் "இருக்கேன்" என்று சொன்னார்கள். ஸ்கேன் தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடியது. சிரம்பானில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இரும்பு பற்றவைத்துக்கொண்டிருந்தவன் முகமூடிக்குள்ளே சொன்னான். தெமியாங்கில் காப்புறுதி விற்கும் சந்திரசேகரன், வாடிக்கையாளரிடம் பேனாவை நீட்டும்போது சொல்லிவிடுவார். அவர் எதற்கோ உறுதி தருகிறார் என்று நினைத்து வாடிக்கையாளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒருத்தி பிரசவ வார்டில் வலிக்கு நடுவே சொன்னாள். "இங்கதான் இருக்க, தெரியுது, முக்கு" என்றார் பிரசவம் பார்த்த மிஸ்ஸி. யாரும் இதற்காக மருந்து வாங்கப் போகவில்லை. விக்கல் மாதிரி வந்தது, போனது.

இதற்குக் காரணம் பெரட்டுதான். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கூப்பிட்டவுடன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு அன்று வேலை இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகள் பாதி காலியான பிறகு ஆபீஸுக்கு ஒரு கணினி வந்தது. பெரட்டு அதற்குள் போனது. ஆளுக்கு ஒரு கோப்பு. பெயர், அதன் பின் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின் அன்றைய நிலவரம் மலாயில் ஒரே சொல்லாக. வந்தவனுக்கு ஹாடிர், நோயில் படுத்தவனுக்கு சாக்கிட் என்று இப்படி. ஆட்கள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுப் போனார்கள். கோப்புகளை நீக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வராததால் அவை அங்கேயே கிடந்தன.

பிறகு அந்த விண்டோஸைச் செய்த கம்பெனி, இனி இதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவியது. ஆண்ட்டிவைரஸ் கம்பெனி கொஞ்ச காலம் மருந்து அனுப்பிப் பார்த்துவிட்டு அதுவும் நிறுத்திக்கொண்டது. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பட்டை நிரந்தரமாக நின்றது. அந்த நாள் வரை பிறந்த நோய்கள் எல்லாம் ஆண்ட்டிவைரஸுக்கு அத்துப்படி. அதற்குப் பிறகு பிறந்த ஒன்றும் அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து சேதி வருவது நின்றதும், தேடுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல், இருக்கிற ஆட்களையே அது நாள்தோறும் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தது. "இருக்கேன்" என்ற பதில்கள் அப்போதுதான் தொடங்கின. தோட்டத்துப் பிள்ளைகள் அதற்கு ஆண்ட்டி என்று பெயர் வைத்தார்கள். ரெண்டு மணிக்கு ஆண்ட்டி கூப்புடுது என்பார்கள்.

செத்தவர்களின் பெயர் வந்தால் ஸ்கேன் நின்றுவிடும். கணினிக்குள்ளே விசிறி, லாரி ஏற்றம் ஏறுவது மாதிரி இரையும், பிறகு மனமில்லாமல் அடுத்த பெயருக்குப் போகும். தூரத்துச் சாவுகள் இப்படித்தான் போன் வருவதற்கு முன்பே தோட்டத்துக்குத் தெரிந்தன. பெரிய நோய் வந்து எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டிய காலத்தில் அது பல பெயர்களில் நின்றது. அதுவும் அதற்குத் தெரியாத நோய்தான்.

ஆபீஸைக் கூட்டி, தேநீர் கலக்கிக் கொடுப்பவள் வள்ளிநாயகி. முன்பு செம்பனை அடியில் உதிரிப் பழம் பொறுக்கியவள்; முதுகு மறுத்த பிறகு ஆபீஸுக்கு மாற்றினார்கள். தன் பெயர் வரும்போது விளக்குமாற்றோடு நின்று "இருக்கேன்" என்பாள். ஆனால் அவள் காதும் கண்ணும் அதற்கு முன்பே திரைக்கு வந்துவிடும். ஆங்கில எழுத்து வரிசையில் சாமிக்கண்ணு, சந்தனம், சரோஜா என்று பெயர்கள் போகும். சந்தனத்துக்கும் சரோஜாவுக்கும் நடுவே சன்னாசி என்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

சன்னாசி அவளுடைய புருஷன். குலை வெட்டுகிறவன். இரண்டாயிரத்து ஏழில், தீபாவளி கழிந்து முறுக்கு டின் இன்னும் காலியாகாத ஒரு காலையில், பழ லாரிக்கு உதவியாள் வரவில்லை என்று வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் தங்கராஜு அவனை லாரியில் ஏறச் சொன்னார். லாரி புக்கிட் பெலண்டோக்கைத் தாண்டி இருந்த ஆலைக்குப் போனது. ஆலையின் எடை மேடையில் திரும்பிப் பார்த்தபோது குலைகளின் மேல் உட்கார்ந்திருந்தான் என்றும், லோடைக் கொட்டியபோது குலைகள் மட்டுமே விழுந்தன என்றும் டிரைவர் சொன்னார். போலீஸ், தோட்டத்து ஆபீஸில் வந்து விசாரித்தது. ஆபீஸ் கணினியைப் பார்த்துப் பதில் சொன்னது. பதிலைக் கேட்டதும் போலீஸ் தேடுவதை நிறுத்திவிட்டது. ரவாங்கில் ஒருத்தியோடு இருக்கிறான் என்றார்கள் சிலர். சுமத்ராவுக்குப் படகேறிவிட்டான் என்றார்கள் சிலர். "படகுல ஏறுனா வாந்தி எடுப்பாருலா அவரு" என்பதுதான் வள்ளிநாயகி சொன்ன ஒரே பதில். மண்டோர் தங்கராஜு அடுத்த வருஷமே செத்துப்போனார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அவனுடைய பனியனைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துவைத்தாள்; துணி நைந்து சல்லடையானதும் அதே அளவில் வேறொன்று வாங்கித் துவைத்தாள். மழை பெய்தால் குலைகளின் மேல் எதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று யோசித்தாள். லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவாள். செம்பனைத் தோட்டத்தில் லாரிச் சத்தம் கேட்காத பொழுது இல்லாததால் அவள் பெரும்பாலும் வாசலிலேயே இருந்தாள்.

மகள் மோகனாவுக்கு ஜொகூர் பாருவில் வேலை. போன வருஷம் ஆடி மாதத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். "அமாவாசைக்கு பி.டி. கடற்கரையில அப்பாவுக்குத் திதி குடுத்துறலாம்மா. எத்தன நாளைக்கு இப்படி?"

"ஆண்ட்டி நிக்கலியே."

"பேரே இல்லாத எடத்துல எப்படிம்மா நிக்கும்?"

மகள் சொன்னது சரி. அவன் பெயர் கூப்பிடப்பட்டால்தான் உண்டு அல்லது இல்லை என்று ஏதாவது ஒன்று தெரியும். அதே வாரம் தலைமை ஆபீஸிலிருந்து லோகேஷ் என்கிற பையன் புதுக் கணினியோடு வந்து இறங்கினான். பழையதைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். புதியது வானத்தில் எங்கோ இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். தோட்டத்தை விட்டுப் போனவர்களின் கோப்பு அதற்குத் தேவையில்லை.

அப்போது ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவள் உமா. ரந்தாவ் பெண். அவளிடம் போய் வள்ளிநாயகி நின்றாள். "கழட்டுறதுக்கு முந்தி ஒருக்கா தேடிப் பாரும்மா. அவரு பேரு எங்கயாச்சும் கெடக்கும்."

லோகேஷ் கம்பிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். "இந்த விண்டோஸ செஞ்சவனே கைவிட்டுட்டான் அக்கா. அதுல ஆண்ட்டிவைரஸ் ஓட்டி என்ன ஆகப்போகுது? பூட்டு நல்ல பூட்டுதான். கதவு உளுத்துப்போச்சு. வர்றவன் பூட்டத் தொடாமலே உள்ள வந்துருவான்."

உமா ஆண்ட்டிவைரஸைத் திறந்து, அது பிடித்துவைத்திருக்கும் கோப்புகளின் அறைக்குள் போனாள். இத்தனை வருஷத்தில் யாரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. நோய் பிடித்த பாட்டுக் கோப்புகளுக்கும் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த குப்பைக்கும் அடியில் சன்னாசி இருந்தான்.

"இருக்குக்கா. அடைச்சுப் போட்டிருக்கு."

"யாரு அடைச்சா?"

"ஆண்ட்டிதான். பேருக்குப் பின்னால போட்டிருக்கிற வார்த்தை அதுக்குப் பிடிக்கல. அந்த வருஷம் சுத்துன ஒரு வைரஸும் அதே வார்த்தையில முடியுமாம். சன்னாசி, புள்ளி, லாரி."

"ஆமா. லாரிலதான போனாரு."

உமா நாற்காலியைத் திருப்பினாள். "அந்த லாரி இல்லக்கா. இது மலாய் லாரி. சொல்லாம ஓடிட்டாருன்னு அர்த்தம். காலையில பெரட்டுலயே போட்டிருக்காங்க."

வள்ளிநாயகி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பார்த்துப் பழகிய பெயர்களைத் தவிர அவளுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. "எழுதுனது யாரு?"

"சந்திரசேகரன் கிராணி. கீழ அவரு பேரு இருக்கு."

"அவரு டவுன்காரரு. வண்டின்னா அவரு வாயில மலாய்ல லோரிதான் வரும். லாரின்னு நாங்கதான் சொல்லுவோம்." அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "மண்டோரு சன்னாசி லாரின்னு சொல்லியிருப்பாரு. லாரிக்கு அனுப்பியிருக்கேன்னு. இந்த மனுசன் ஓடிட்டாருன்னு எழுதிட்டாரு. தோட்டத்துக் கேட்டத் தாண்டுறதுக்கு முந்தியே அவர ஓடுனவருன்னு எழுதுனா, அவரு எப்படிம்மா திரும்பி வருவாரு?"

தெமியாங்கில் சந்திரசேகரனுக்கு அந்த நேரத்தில் காது அடைத்தது என்றும், கொட்டாவி விட்டுச் சரிசெய்துகொண்டார் என்றும் பிறகு தெரியவந்தது.

உமா கோப்பை வெளியே விடப் போனாள். எச்சரிக்கைப் பலகை எழுந்து நின்றது. லோகேஷுக்கு இப்போது சிரிப்பு இல்லை. "உள்ள நெசமாவே வைரஸ் இருந்தா மெஷினே போயிரும் அக்கா. மத்தவங்க பேரும் சேந்து போயிரும். அப்புறம் என்னைய கேக்கக்கூடாது."

மற்றவர்கள் என்றால் பஸ் டிரைவர், கப்பல் பட்டறைக்காரன், அவளோடு உதிரிப் பழம் பொறுக்கிய சரோஜா. தினமும் ஒரு முறையாவது இருக்கேன் என்று சொல்கிறவர்கள். வள்ளிநாயகி சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஆள அடைச்சு வச்சுட்டு மத்தவங்கள மட்டும் கூப்புடுறது என்னா பெரட்டு, தம்பி? கதவு உளுத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப அவரு வர்றதுக்கு லேசுதான்."

உமா கோப்பை வெளியே விட்டாள். பிறகு புள்ளிக்குப் பின்னால் இருந்த சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாள். லாரி, லோரி ஆனது. ஓடிப்போனவன், லாரி வேலைக்குப் போனவன் ஆனான்.

அன்று இரண்டு மணிக்கு ஸ்கேன் ஓடியபோது மோகனாவும் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். வெளியே தோட்ட வேலைக்கு வந்திருந்த வங்காளதேச ஆட்கள் தார்ப்பாயை மடிப்பதை நிறுத்திவிட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். சாமிக்கண்ணு போனார். சந்தனம் போனாள். சன்னாசியில் விசிறி இரைந்தது. மோகனா அம்மாவின் கையைப் பிடித்தாள். திதிக்குச் சொல்லிவைத்திருந்த ஐயரின் நம்பர் அவள் போனில் திறந்தபடி இருந்தது. விசிறி இன்னும் ஒரு முறை இரைந்து, மேடு ஏறி முடித்த வண்டியைப் போலத் தணிந்தது. சரோஜா வந்தாள். நிற்கவில்லை. ஏறக்குறைய நின்றது, ஆனால் நிற்கவில்லை.

ஐந்து நிமிடத்துக்குள் கெமாஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சாமிக்கண்ணு போன் பண்ணினார். தன் பெயருக்கு இருக்கேன் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். சமிக்ஞை விளக்கில் பழ லாரி ஒன்று நின்றிருந்தது. குலைகளின் மேலிருந்து ஒரு குரல் இருக்கேன் என்றது. "அதே நீலச் சட்ட. ஆளு கொஞ்சமும் மாறல. நாந்தான் கெழவனாயிட்டேன். கூப்புடுறதுக்குள்ள பச்ச விழுந்துருச்சு." மோகனா ஐயருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். ஐயர் காரணம் கேட்டார். அப்பா கெமாஸில் இருக்கிறார் என்றாள். நல்லது என்று ஐயர் வைத்துவிட்டார்.

புதுக் கணினி ஆபீஸ் மேசைக்கு வந்தது. பழையதைக் குப்பையில் போடாமல் லோகேஷே தன் வேனில் ஏற்றி, லயத்தை விட்டு வள்ளிநாயகி குடியேறியிருந்த ரந்தாவ் தரை வீட்டில் சாமி படத்துக்குக் கீழே பொருத்திக் கொடுத்தான். "நெட் மட்டும் குடுத்துராதீங்க அக்கா. பென் டிரைவ் எவன் நீட்டுனாலும் வாங்காதீங்க. அப்படியே வச்சா ஓடும்." அவள் கேட்ட ஒரே உதவி, அந்தச் சிவப்புப் பட்டைக்கு மேல் ஒட்ட ஒரு துண்டு ஸ்டிக்கர். யாரோ கைவிட்ட செய்தியை அவள் வீட்டில் தினமும் பார்க்க விரும்பவில்லை.

அதிலிருந்து சேதிகள் வந்துகொண்டிருக்கின்றன. பஹாவில் ஒருத்தர் அந்தக் குரலைக் கேட்டார். கோலப்பிலாவில் ஒருத்தி மார்க்கெட் வாசலில் கேட்டாள். குரல் நெருங்கி வருகிறது என்று எல்லாரும் சொன்ன வாரத்தில் அது சிகாமட்டுக்குப் போய்விட்டது. தெமியாங்கில் சந்திரசேகரனே ஒருநாள் கேட்டார். லாரியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாராம், மூச்சு வாங்கி நின்றுவிட்டாராம். இதை அவரே வந்து வள்ளிநாயகியிடம் சொன்னார். அவள் தேநீர் கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை.

போன வாரம் இரண்டு மணிக்கு, சந்தனத்துக்குப் பிறகு, குரல் அவள் வீட்டுக்குப் பின்புறச் சாலையில் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டாள். வள்ளிநாயகி அகப்பையோடு ஓடினாள். லாரி வளைவில் திரும்பிவிட்டிருந்தது. மேலே நீலமாக ஏதோ தெரிந்தது. சாலையில் உதிரிப் பழங்கள் சிதறிக் கிடந்தன. குனிந்து பொறுக்கினாள். முதுகு வலித்தது, ஆனாலும் ஒன்றை விடவில்லை. தன் பெயர் வந்தபோது குனிந்த வாக்கிலேயே இருக்கேன் என்றாள். எல்லாப் பழத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்பைக் குறைத்துவிட்டு, சோற்றில் அவன் பங்கை எடுத்து மூடிவைத்தாள்.

சாயங்காலம் மோகனா போன் செய்தாள். "அப்பா எங்கம்மா?"

"லாரில. வேலையில இருக்காரு."

"சரிம்மா. சாப்ட்டியா?" என்றாள் மோகனா.