பட்டை முளைத்த தாயக்கட்டை

சின்னாயியின் தாயக்கட்டைக்கு ஐந்தாவது பட்டை முளைத்த வாரத்தில் பரமத்தி வேலூர் ஏலத்தில் கற்பூரி வெற்றிலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பூவன் வாழைத்தார் மட்டும் போன வாரத்து விலையிலேயே நின்றது. கட்டை பித்தளைக் கட்டை, சுண்டுவிரல் நீளம், எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி நாலு பட்டை வைத்தது. ஒரு பட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, நாலாவது மொட்டை. அன்று காலையில் வாய்க்காலில் அதைக் கழுவ எடுத்தவள், விரலில் ஒரு விளிம்பு கூடுதலாகத் தட்டுகிறதே என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மொட்டைப் பட்டைக்கும் ஒற்றைப் புள்ளிப் பட்டைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு புதுப் பட்டை வந்திருந்தது. அதில் நாலு புள்ளி இருந்தது. பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாங்கிப் பார்த்தார்கள். பித்தளைதானே, சித்திரை வெயிலுக்கு அப்படித்தான் பொங்கும் என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியை அலசினார்கள்.

சின்னாயி கருப்பண்ணனின் கூடப்பிறந்த தங்கை. கட்டிக்கொடுத்தது திருச்செங்கோட்டுப் பக்கம். புருஷன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலைக்கு ஏறி ராய்ப்பூர் பக்கம் போனவன், அங்கே தண்ணீரும் கண்டான், வேறு குடும்பமும் கண்டான், திரும்பவில்லை. அவள் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டினாள். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமான பிறகு ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த வீட்டின் தெற்கு அறை அவளுக்கு என்று அப்பன் சாகும் முன்னால் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். எழுதி வைக்கவில்லை. கருப்பண்ணன் அந்த அறையில் உர மூட்டையும் பழுதான மோட்டாரும் போட்டு வைத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மருந்தடிக்கிற டப்பாவை யார் கேட்டாலும் கொடுப்பார், திருப்பி வாங்க மறந்தும் போவார். ஆனால் இன்றைக்கு அறையைக் கொடுத்தால் நாளைக்கு வெற்றிலைக் கொடிக்காலில் பாத்தி கேட்பாள் என்று பங்காளிகள் அவர் காதில் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் நிலைப்படியை மறித்து நின்றுகொண்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். கோர்ட்டுக்குப் போனால் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்று டீக்கடைக்காரர் வரைக்கும் சின்னாயிக்கு எடுத்துச் சொன்னார்கள். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“கேசு போட்டா ரூம்பு வருமுங்க, அண்ணன் வருமுங்களா?” என்றாள்.

அதனால் மாரியப்பனைக் கூப்பிட்டார்கள். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே கண்டக்டராக ஓடி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் தோளில் தோல்பை தொங்கிக்கொண்டிருக்கும். எந்தத் தகராறானாலும் கிழிந்த நோட்டைப் பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்து, செல்லும் அல்லது செல்லாது என்று சொல்லிவிடுவார். அனேகமாகச் செல்லாது என்றுதான் சொல்வார். முதலில் காசு சுண்டிப் பார்த்தார். சின்னாயி பூ கேட்டாள். விழுந்த ஒரு ரூபாயில் மேலே இருந்தது பூ இல்லை, நிமிர்த்தின கட்டைவிரல். அந்தக் காசைத் தினமும் கொடுத்து வாங்கினவர்கள்தான் எல்லாரும். அதில் பூவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சிங்கத் தலை அடியில் இருக்கிறது, அப்படியானால் மேலே இருப்பதுதான் பூ என்றாள் சின்னாயி. எந்தக் கோயிலில் விரலைப் பறித்து மாலை கட்டுகிறார்கள் என்றார் கருப்பண்ணன். மாரியப்பன் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொரு காசாகத் தேடினார். கோதுமைக் கதிர் இருந்தது, கோடு இருந்தது, பூ என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. காசு செல்லாது என்று சொல்லி அள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது.

“தாயம்னாலே பங்குதானுங்க. தாயாதின்னு சும்மாவா சொல்றோம்? காய் கட்டத்துக்குள்ள போகோணும்னா தாயம் உழுகோணும். ஆளுக்கும் அதே சட்டத்தை வெச்சுக்கலாம்.”

ஊரில் எல்லாரும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். அமாவாசை தோறும் காலையில் வாசலில் உருட்ட வேண்டியது. ஜோடியில் ஒன்று தொலைந்து போயிருந்ததால் ஒற்றைக் கட்டை போதும் என்று வைத்தார்கள். ஒற்றைப் புள்ளி மேலே விழுந்தால் தாயம், சின்னாயி உள்ளே போகலாம். மற்றது விழுந்தால் அடுத்த அமாவாசை வரைக்கும் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. தாயம் போட்டவருக்கு மறு ஆட்டம் உண்டு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, அது எல்லாத் தாயத்துக்கும் உள்ளது. சின்னாயி தெற்கு அறையின் வெளிச்சுவரை ஒட்டித் தென்னங்கீற்றில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டாள். அறைக்குள் அவளுக்கென்று சொன்ன சுவரும், வெளியே அவள் முதுகு சாய்கிற சுவரும் ஒரே சுவர்தான்.

முதல் அமாவாசையிலேயே தாயம் விழுந்தது. சின்னாயி மறு ஆட்டத்துக்குக் கை நீட்டினாள். கருப்பண்ணன் குனிந்து பார்த்தார். கட்டையின் ஒரு முனை தரையில் கிடந்த வெற்றிலைக் காம்பின் மேல் ஏறி நின்றது. சாய்ந்த கட்டையை எந்த ஊரில் கணக்கில் எடுப்பார்கள் என்று கேட்டார். மாரியப்பனும் குனிந்து பார்த்துவிட்டுச் செல்லாது என்றார். மறுநாள் வாய்க்காலில் ஐந்தாவது பட்டையைப் பார்த்தது அப்படித்தான். அடுத்தது வைகாசியில் விழுந்த தாயம். உருட்டும்போது வளையல் தரையில் உரசியது என்றார் அண்ணன். ஆறாவது பட்டை வந்தது. அடுத்த தடவை பல்லி கத்தியது, ஏழாவது. அதற்குப் பிறகு தாயம் அவ்வளவு சுலபமாக விழவில்லை. பட்டை கூடக்கூட ஒற்றைப் புள்ளிக்காரன் நெருக்கியடித்த பஸ்ஸில் ஓரமாக நிற்கிறவன் மாதிரி ஒடுங்கிக்கொண்டே போனான். ஐந்து விழுந்தது, ஒன்பது விழுந்தது, பதினொன்று விழுந்தது. அத்தனை புள்ளியை வைத்து என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்போதாவது தாயம் விழுந்தால் கருப்பண்ணனிடம் ஒரு குற்றம் தயாராக இருந்தது, மறுநாள் ஒரு பட்டை தயாராக இருந்தது. இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் கவனித்தது கருப்பண்ணனின் சம்சாரம் மாரியாயி. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகச் சின்னாயிக்குக் குழம்பு கொடுக்கும்போது, இந்த மாதம் எத்தனை பட்டை என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

வருஷங்கள் போயின. சின்னாயி மற்றவர்களின் கொடிக்காலில் இலை பறித்தாள், நூறு நூறாக எண்ணிக் கவுளி அடுக்கினாள். காவிரியில் வெள்ளம் வந்து ஒரு தடவை சாய்ப்புக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. அண்ணன் நிலைப்படியில் நின்று தண்ணீரையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அமாவாசைக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று வந்துவிட்டது. வாய்க்கு அப்படியே பழகிப்போயிருந்தது. சின்னாயி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தண்ணீர் வடிந்து திரும்பியபோது கட்டைக்கு ஒன்றல்ல, இரண்டு பட்டை கூடியிருந்தது. அதற்குள் அது நீளம் குறைந்து, தடித்து, பெரிய நெல்லிக்காய் மாதிரி ஆகிவிட்டது. பரமத்தி வேலூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவர் அளந்தும் நிறுத்தும் பார்த்து, எடை மாறவில்லை, பித்தளை எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்றார். வேண்டுமானால் பழையபடி நாலு பட்டையாக இழைத்துத் தருகிறேன் என்றார். இழைத்தும் கொடுத்தார். பஸ் ஏறி வீடு வந்து சேருவதற்குள் அது தன் பட்டைகளை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டது. கூலி வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பினார்.

கருப்பண்ணனின் மகள் தேவிப்ரியா சேலத்தில் காலேஜ் முடித்து, அங்கேயே ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்காக மேசையில் அட்டை விரித்து விளையாடுகிற கடை அது. அவள் ஒரு பொங்கலுக்கு ஒரு சுருக்குப்பை நிறையக் கட்டைகளைக் கொண்டுவந்து அத்தையின் சாய்ப்பில் கொட்டினாள். நாலு பட்டை, எட்டுப் பட்டை, பத்துப் பட்டை, பன்னிரண்டு, இருபது, எல்லாம் பிளாஸ்டிக்கில், நாவல்பழ நிறத்திலும் பச்சையிலும் இருந்தன. அத்தை, உன் கட்டை ஒன்றும் அதிசயமில்லை, எங்கள் கடையில் இதெல்லாம் சாதாரணம் என்றாள். ஊர் அதைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாந்துதான் போனது. மாரியப்பனுக்கு மட்டும் மூன்று மூலையாகக் கூம்பி நிற்கிற நாலு பட்டைக் கட்டையின் மேல் சந்தேகம் தீரவில்லை. அது எப்படி விழுந்தாலும் மேலே முனைதான் இருந்தது. “மேல பக்கமே இல்லீங்களே, எதைப் பாத்துச் சொல்றது?” என்று கேட்டார். அடியில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்றாள் தேவிப்ரியா. அடியில் இருப்பதைப் படிக்கிற வழக்கம் இங்கே இல்லை என்று அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். சின்னாயி ஒரு அமாவாசைக்கு இருபது பட்டையை உருட்டித் தாயம் போட்டாள். பிளாஸ்டிக் இந்த வீட்டு ஆட்டத்துக்கு ஆகாது என்றார் கருப்பண்ணன். சேலத்துக் கட்டை சும்மா கிடந்தது. சாய்ப்பில் இருந்த பித்தளைக் கட்டைக்குத்தான் ஒரு பட்டை வந்தது.

கடைசித் தாயம் விழுந்தது ஒரு ஐப்பசியில். பட்டைகள் அப்போது கடுகளவு ஆகியிருந்தன, புள்ளிகள் ஊசிமுனை அளவு. எந்தப் பட்டை மேலே இருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாததால் தேவிப்ரியா போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினாள். ஒற்றைப் புள்ளிதான். மாரியப்பன் பார்த்தார், மாரியாயி பார்த்தாள், பால்காரர் கூட இறங்கி வந்து பார்த்தார். கருப்பண்ணனும் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். கண்ணால் கண்டால்தான் தாயம், போனில் கண்டது கணக்கில்லை என்றார். சொல்லி முடித்தபோது அவர் குரல் நன்றாக இல்லை என்று பால்காரர் பிறகு சொன்னார். சின்னாயி கட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு இலை பறிக்கப் போய்விட்டாள். மறுநாள் முடிச்சை அவிழ்த்தால் அது உருண்டை. பட்டையுமில்லை, புள்ளியுமில்லை. லேத்துக்காரரே அவ்வளவு சுத்தமாகக் கடைய முடியாது.

கார்த்திகை அமாவாசைக்கு வாசலில் வழக்கத்தை விடக் கூட்டம் இருந்தது. சின்னாயி உருட்டினாள். படுத்துக்கொள்ள ஒரு பட்டை இல்லாததால் உருண்டை நிற்கவில்லை. கோலத்தைச் சுற்றிப் போனது, ஆட்டுக்கல்லைத் தொடாமல் விலகியது, வாசலில் ஒரு சுற்று வந்து நிலைப்படிக்கு நேராகத் திரும்பியது. நிலைப்படியில் கருப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். அது அவர் காலடிக்கு வந்து, பெரிய மனிதர்கள் வழி விடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்ற இடத்திலேயே சுழன்றது. அவர் குனிந்து பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்கும், பித்தளை அவ்வளவு பளபளப்பு. பிறகு அவர் தன் வலது காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். உருண்டை படியில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நடையைத் தாண்டித் தெற்கு அறைக்குள் போய் நின்றது. நின்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சின்னாயிக்கு மந்தமான காதிலும் கேட்டது.

மாரியப்பன் பையைச் சரிசெய்துகொண்டு, புள்ளியில்லாத கட்டையில் விழுந்தது என்னவென்று எப்படிச் சொல்வது, ஆகவே என்று ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் வாசல் கூட்டத்தில் வாயே திறக்காத மாரியாயி அப்போது கேட்டாள்.

“ஏனுங்க, உருண்டைக்கு எத்தனை பக்கமுங்க?”

அவர் யோசித்தார். சுற்றிச் சுற்றி எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான் என்றார்.

“ஒண்ணு உழுந்தா அதுக்கு என்னங்க பேரு?”

மாரியப்பன் வாழ்க்கையில் அபூர்வமாகச் சொல்கிற அந்தச் சொல்லைச் சொன்னார். செல்லும் என்றார். எல்லாரும் கருப்பண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சின்னாயி தகரப் பெட்டியைத் தூக்காமல் நின்றாள். இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“உள்ள உர மூட்டை கெடக்குது, கால்ல தட்டிக்காம பாத்து வா, அம்முணி” என்றார் அண்ணன்.

உர மூட்டையும் மோட்டாரும் இப்போது சாய்ப்பில் இருக்கின்றன. பாத்தி எதையும் சின்னாயி கேட்கவில்லை. அன்றைக்கு அவள் அறைக்குள் போய் முதல் வேலையாகத் தரையில் சாக்கட்டியால் கட்டம் கீறினாள். விட்டுப்போன மறு ஆட்டம் பாக்கி இருக்கிறது என்றாள். அண்ணன் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார், தன் பங்குக்குப் புளியங்கொட்டைகளைக் காயாகக் கட்டத்துக்கு வெளியே வைத்தார். சின்னாயி உருட்டினாள், தாயம். மறு ஆட்டம் உருட்டினாள், தாயம். அந்த உருண்டையில் வேறு எதுவும் விழ வழியில்லை, தாயம் விழுந்தால் ஆட்டம் கை மாறவும் வழியில்லை. அவள் காய்கள் ஒவ்வொரு கட்டமாக நடந்து, சுற்றி வந்து, பழமாகி, மறுபடி முதலிலிருந்து நடக்கின்றன. இலை பறிப்பு முடிந்து வந்ததும் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் ஆடுவார்கள், விட்ட இடத்தில் மறுநாள் தொடங்குவார்கள். மாரியாயி இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைக்கிறாள். கட்டத்தை அழிக்காமல் சுற்றிப் பெருக்குகிறாள். கருப்பண்ணனின் காய்கள் இன்னும் கோட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. உங்கள் முறை எப்போதுங்க என்று மருந்தடிக்கிற டப்பா கேட்டு வருகிறவர்கள் கேட்டால், வரும்போது வரும் என்கிறார். பூவன் தார் இந்த வாரம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.