பாபுவின் இடது கால்

கிரிராஜ் வாளா எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளன். ஜாம்நகரில் அவனை எல்லாரும் பாபு என்றுதான் கூப்பிடுவோம். நான் விக்கெட் கீப்பர். அவன் பந்தை வாங்கி வாங்கி என் விரல்கள் கோணிப்போயின. அந்த உரிமையில் சொல்கிறேன்: அவன் கையை ஒருவரும் மதிக்கவில்லை. காலைத்தான் மதித்தார்கள்.

காரணம் இதுதான். பந்தை விடும்போது பாபுவின் இடது கால் விழுகிற இடத்தில் மண் பெயர்ந்து குழியாகிவிடும். எதிர் முனையிலிருந்து எங்கள் ஸ்பின்னர் நிகுஞ்ச் ககாடியா அந்தக் குழியில் பந்தைப் போடுவான். அது எந்தப் பக்கம் திரும்பும் என்று குழிக்கே தெரியாது. விக்கெட்டெல்லாம் நிகுஞ்சுக்குப் போகும்.

ஐந்து விக்கெட் எடுத்தவன் பந்தைத் தூக்கிக் காட்டியபடி அணிக்கு முன்னால் நடந்து வெளியேறுவது வழக்கம். நிகுஞ்ச் நடந்து நடந்து அலுத்துப்போனான். பாபுவுக்கு அது ஒருமுறைகூட வாய்க்கவில்லை. நான்கு எடுப்பான், ஐந்தாவதைக் குழி எடுத்துக்கொள்ளும்.

தேர்வுக்குழுத் தலைவர் மன்சுக்பாய் மைதானத்துக்கு வந்தால் நேராகக் குழியிடம்தான் போய்க் குனிவார்.

"இந்த வருஷம் ஆழம் கொறைஞ்சிருக்கே பாபு. ஒடம்பு சரியில்லையா?"

"வேகம் கூடியிருக்கு மன்சுக்பாய்."

"வேகத்த வெச்சு என்ன பண்றது? நல்லா நெய் ஊத்திச் சாப்பிடு. எடை ஏறட்டும்."

ஒரு வருஷம் பாராட்டு விழா நடத்தி, வெண்கலத்தில் பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். இடது மட்டும். அவன் மனைவி ஜாக்ருதிபா அதைக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து வைத்தாள். அந்தப் பரிசைப் பார்த்து எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

போன சீசன் கடைசி ரஞ்சி ஆட்டத்தோடு விலகுவதாகப் பாபு சொல்லிவிட்டான். அந்த ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்கு ஒரே விக்கெட் பாக்கி, ஜெயிக்க ஆறு ரன் வேண்டும். பாபுவிடம் நான்கு விக்கெட். நிகுஞ்சிடமும் நான்கு. பந்து நிகுஞ்சின் கையில்.

அவன் குழியை விட்டுத் தள்ளிப் போட்டான். அடுத்த பந்தையும் அப்படியே போட்டான்.

"குழி அந்தப் பக்கம் இருக்குடா," என்றான் கேப்டன்.

"தெரியும். கை வழுக்குது."

காய்ந்த கையைப் பேண்ட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டான். அந்த ஓவர் முழுக்க வழுக்கியது. நான்கு ரன் தானமாகப் போயிற்று. கேப்டன் பல்லைக் கடித்தபடி பந்தைப் பாபுவிடம் வீசினான்.

பாபு ஓடி வந்தான். இடது கால் அவன் தோண்டிய குழியிலேயே இறங்கி மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பந்து கையை விட்டு நழுவி வானத்தில் ஏறியது. வேகத்துக்குத் தயாராக இருந்த மட்டைக்காரன் மட்டையைச் சுழற்றி முடித்து, சட்டையையும் சரிசெய்துகொண்டான். அதற்குப் பிறகுதான் பந்து இறங்கி, ஒரு குத்து குத்தி, ஸ்டம்பில் போய்ச் சாய்ந்தது. பெயில் விழுந்தது.

கால் கோட்டைத் தாண்டிவிட்டது, நோபால் என்று எதிரணி முறையிட்டது. அம்பயர் மண்டியிட்டுக் கோட்டைத் தேடினார். கோடு இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவி, சுண்ணாம்பு படிந்த மண்கட்டி ஒன்றை எடுத்தார்.

"இதுதான் கோடு. பூட்ஸுக்கு முன்னாடி கெடந்துச்சு. அவுட்டு."

நிகுஞ்ச், நான், இன்னும் இருவர் சேர்ந்து, பந்தைப் பாபுவின் கையில் வைத்து, அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கினோம். கூட்டம் எழுந்து கைதட்டியது.

"காலைப் பாத்துக் கொண்டாங்கப்பா," என்று மன்சுக்பாய் பெவிலியன் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் பாபு என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நிறுத்து."

"ரொம்ப வலிக்குதா பாபு?"

"காலு முன்னால போகுது."

நிகுஞ்சுக்கு உடனே புரிந்தது.

"திருப்புங்கடா."

ஸ்ட்ரெச்சரைச் சுற்றித் திருப்பினோம். பாபு கையைத் தலைக்குமேல் நீட்டினான். முதலில் பந்து கயிற்றைத் தாண்டியது, பிறகு அவன் கை, பிறகு தலை. இடது கால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது.