எழுந்திருப்பதற்கான காரணம்

ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பு செய்தவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்து, மூச்சை அதன் வழியாகத் திருப்பிவிட்டார்கள். பேச்சு அத்தோடு சரி.

வீடு திரும்பும் நாளில், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு நோட்டைக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகள். இன்று எது கஷ்டமாக இருந்தது? அதையும் மீறி எதைச் செய்தேன்? நாளை எதற்காக எழுந்திருப்பேன்?

"தினமும் உங்களையே கேட்டுப் பதில் எழுதுங்க சார். மனசு விட்டுப்போகாம இருக்கும்" என்றாள்.

அவர் எழுதினார். கஷ்டம்: தண்ணீர் விழுங்குவது. செய்தது: விழுங்கினேன். மூன்றாவதற்கு, 'எழுந்திருக்காவிட்டால் மனைவி பயந்துவிடுவாள்' என்று பத்து நாள் ஒரே பதிலை எழுதினார். பிறகு அதுவும் கசந்துபோய், அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பார்க்க வந்தான். "வண்டி லேட்டுன்னு ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்ட மனுஷன் நீங்க. இனி யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல, மாமா" என்றான். அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. ஆனால் துளை வழியாகச் சளிதான் சீறி வந்தது. மச்சினன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நான்காம் மாதம் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அறிவிப்பு இனி பதிவு செய்த குரலில். அவருக்குப் பார்சல் பிரிவில் இடம். திங்கட்கிழமை சேர வேண்டும். கடிதத்தை மெத்தைக்கு அடியில் திணித்தார். விரிப்பை மாற்றும்போது மனைவி கண்டெடுத்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய் கழுவி, விரல்கள் வெளுத்துப்போனவள்.

"ஏங்க இதை மறைச்சீங்க?"

நோட்டில் காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினார்: 'நாள் பூரா அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டு நான் அங்க உக்காரணுமா?'

அவள் படித்தாள். நோட்டைப் பின்னால் புரட்டினாள். காலியாக விட்ட மூன்றாம் இடங்கள் பக்கம் பக்கமாக இருந்தன.

"என்னை யாராவது இதைக் கேட்டாங்களா? நான் எதுக்கு எந்திரிக்கிறேன்னு?"

அவர் தயங்கினார். பிறகு நோட்டின் முதல் பக்கத்தை அவள் பக்கம் நகர்த்தி, மூன்றாவது கேள்வியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். யோசித்தாள். "தெரியல. அலாரம் அடிக்குது, எந்திரிக்கிறேன். சில நாள் பஸ்ல உக்காந்து அழுவேன். இறங்குற இடம் வந்ததும் கண்ணைத் துடைச்சுக்குவேன். பெருசா காரணம் ஒண்ணும் இல்லங்க."

இத்தனை நாளும் ஏதோ பெரிய பதில் தனக்குத்தான் கிடைக்கவில்லை என்று நினைத்திருந்தார். அவளுக்கும் கிடைக்கவில்லை. அவர் அவளுடைய வெளுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். பிறகு நோட்டை எடுத்து, மூன்றாவது இடத்தில் எழுதினார்: 'எட்டு மணிக்கு வேலை.'

திங்கட்கிழமை, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு போனார். பார்சல் அறையில் முதல் அறிவிப்பு கேட்டது. ஒரு பெண் குரல், பிசிறே இல்லாமல், வண்டி தாமதமாக வருவதைச் சொன்னது. அவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே பார்சல் எடை போடுபவர் அதைக் கவனித்தார். கொஞ்ச நேரம் விட்டு, ஊர் பெயர் அச்சிட்ட சீட்டுகளையும் பசையையும் அவர் பக்கம் தள்ளினார்.

"இந்த மூட்டைக்கெல்லாம் ஊர் பேர் ஒட்டணும் அண்ணே. பத்து மணி வண்டிக்குப் போகுது."

அவர் எழுந்தார். குரல் மறுபடி ஒலித்தது, மறுபடி வலித்தது. முதல் சீட்டைக் கோணலாக ஒட்டி, பிய்த்து, நேராக ஒட்டினார்.